இய்யாத்துட்டிக்கு வந்த காய்ச்சல்

பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். பயம் வந்தால் அந்தப் பத்தோடு பக்கத்து வீட்டுக்காரியும் பறந்துவிடுவாள் என்பதைப் புதியகடவுச் சந்து அந்தத் தொற்றுநோய் வருஷம் கண்ணாலேயே பார்த்தது. மீன்காரன் மணி அடித்தால் சட்டியோடு ஓடிவருகிற பெண்கள், சட்டியை மதிலில் வைத்துவிட்டு உள்ளே போய் ஜன்னல் வழியாகப் பேரம் பேசினார்கள். ஒருத்தி மத்தியைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் குழம்பு வைத்து, புருஷன் நுரையோடு துப்பிய கதையும் உண்டு. துபாய்க்காரன் பெட்டி திறக்கும்போது கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்குமே ஒரு கூட்டம், அதே கூட்டம்தான் அவன் டாக்சியில் வந்து இறங்கியதைப் பார்த்துப் போலீசுக்குப் போன் போட்டது. நல்ல ஜனங்கள் போங்கள்!

இய்யாத்துட்டி அந்தச் சந்தில் பெண் மய்யித்துகளைக் குளிப்பாட்டுகிறவள். ஐம்பத்திமூன்று வயது, கனத்த உடம்பு, நடந்தால் கொலுசு இல்லாமலேயே சத்தம் கேட்கும். ஒரு வீட்டில் பெண் கண்ணை மூடினால் அழுகை ஓய்வதற்குள் இவள் வாசலுக்கு ஆள் வந்துவிடும். கூலி கிடையாது. தலைத்துணியான தட்டத்தை இறுக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். கூடவே நாலாவது வீட்டுக் கதியக்குட்டியும் வருவாள். கதியக்குட்டி தண்ணீர் ஊற்ற, இய்யாத்துட்டி கழுவுவாள். இருபது வருஷமாக இதுதான் முறை. யார் முன்னால் போகிறாளோ அவளை மற்றவள் குளிப்பாட்ட வேண்டும் என்று இரண்டு பேரும் பேசி வைத்திருந்தார்கள்.

"நான் முன்னால போனா நீ தப்பிச்சே," என்பாள் கதியக்குட்டி. அவள் ஈர்க்குச்சி மாதிரி இருப்பாள். "நீ போனா உன்னைத் தூக்க நான் திரூர்ல போய் கிரேன் தேடணும்டீ."

அதெல்லாம் நல்ல காலம். அந்த ஆனி மாதம் கடற்கரைப் பக்கம் ஒரு பெண்ணைக் குளிப்பாட்டிவிட்டு வந்தாள் இய்யாத்துட்டி. நாலு நாள் கழித்து அந்தப் பெண்ணின் புருஷனுக்கு நோய் என்று சேதி. அப்புறம் என்ன, பதினாலு நாள் பின்கட்டு அறையில் அடைத்துவிட்டார்கள். அவளுக்கு ஒன்றும் வரவில்லை. ஆனால் அந்த அறையில் உட்கார்ந்து போனில் பார்த்தாளே ஒரு வீடியோ, வெள்ளை உறை மாட்டிய ஆண்கள் ஒரு பெண்ணைப் பிளாஸ்டிக் பையோடு குழிக்குள் இறக்குவதை, அதுதான் அவள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் அப்படிப் போவதா? அது போதாதென்று மருமகள் ரஹியானத்துக்கு ஏழு மாதம். இரண்டு தடவை கலைந்து மூன்றாவதாகத் தங்கிய பிள்ளை.

"இனிமே யார் மவுத்தானாலும் நீ போகக்கூடாது," என்று மகன் ஷெமீர் தீர்த்துச் சொல்லிவிட்டான். இவளும் தலையாட்டினாள்.

ஆடி பிறந்த ஒரு விடியலில், சுபுஹு தொழுதுவிட்டுப் பாயைச் சுருட்டுகிறாள், கேட்டில் யாரோ தட்டினார்கள்.

"இத்தாத்தா! நான் பாவா. உம்மா போயிட்டாங்க."

பாவா கதியக்குட்டியின் மகன். பொள்ளாச்சிக்குக் காய்கறி லாரி ஓட்டுகிறவன். கதியக்குட்டிக்கு நெஞ்சுவலி ஐந்து வருஷமாக இருந்தது, வைத்தியம் பார்த்த டாக்டரும் வந்து பார்த்து நெஞ்சுதான் என்று சொல்லிவிட்டாராம். பாவா அதையே இரண்டு தடவை சொன்னான். இய்யாத்துட்டிக்குப் பாய் கையிலிருந்து நழுவியது. என் கூட்டாளி போய்விட்டாளே என்று வாய்விட்டு அழவும் வரவில்லை. அழுகைக்கு முன்னால் லாரிதான் ஞாபகம் வந்தது. பொள்ளாச்சி, சந்தை, ஊரெல்லாம் தொட்ட சாக்கு. தன்னையே காறித் துப்ப வேண்டும் போல இருந்தது அவளுக்கு. ஆனாலும் கால் நகரவில்லை.

அடுக்களை வாசலில் ரஹியானத் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஷெமீர் காதருகே வந்து, "உம்மா, ஏதாவது சொல்லி அனுப்பு," என்றான்.

எதைச் சொல்லி அனுப்புவது? மய்யித்துக்குக் கூப்பிட்டு வராதவளை அந்தச் சந்து சாகும்வரை மன்னிக்காது. உடம்பு சரியில்லை என்றால் மட்டும் விடும். காய்ச்சல்தான் அந்தச் சந்தின் பரம்பரைச் சாக்கு. கல்யாணத்துக்குப் போகப் பிடிக்காவிட்டால் காய்ச்சல், மதரசாவுக்கு மட்டம் போட்டால் காய்ச்சல், மாமியார் வந்தாலும் காய்ச்சல். யாரும் நம்பமாட்டார்கள், யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

"பாவா, எனக்குக் காய்ச்சல்டா," என்றாள் இய்யாத்துட்டி. "ராத்திரியிலேர்ந்து அனலாக் கொதிக்குது."

பாவா கேட்டிலிருந்து கையை எடுத்தான். எடுத்த கையைக் கைலியில் துடைத்தான். பிறகு திரும்பி நடந்தான். ஓடினான் என்றே சொல்லலாம்.

படச்சவனே, எந்தக் காலத்தில் எந்தச் சாக்கைச் சொன்னேன் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

வெயில் ஏறுவதற்குள் சந்தின் வாட்ஸ்அப்பில் அந்தக் காய்ச்சல் வாந்தியாகி, வாந்தி மூச்சுத்திணறலாகி, ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது என்பதுவரைக்கும் போய்விட்டது. எதிர்வீட்டு ஜன்னல்கள் படபடவென்று சாத்திக்கொண்டன. வார்டின் ஆஷா சுகாதாரப் பணியாளர் பிரசன்னா முகக்கவசத்துக்கு மேல் இன்னொரு முகக்கவசம் போட்டுக்கொண்டு வந்து, கேட்டுக்குக் குறுக்கே சிவப்பு நாடா கட்டினாள்.

"எப்பலேர்ந்து?" என்று தெருவிலிருந்தே கத்தினாள்.

"ராத்திரிலேர்ந்து," என்றான் ஷெமீர். "இப்ப மாத்திரை போட்டிருக்கு. இறங்கியிருக்கு."

"மாத்திரைக்கு இறங்கும், அப்புறம் ஏறும். நாளைக்கு வண்டி அனுப்பி டெஸ்ட் எடுக்கச் சொல்றேன். அதுவரை ஒருத்தரும் வெளியே தலை காட்டக்கூடாது. வயித்துப்பிள்ளைக்காரி வேற இருக்கா, ஜாக்கிரதை!"

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் பாத்துட்டி என்று குளிப்பாட்டுகிற இன்னொருத்தி உண்டு. பாவா அவளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தான். அவளும் பாதி வழி வந்தாள். முக்கில் யாரோ, "அந்தச் சந்திலயா? அங்க காய்ச்சல் புகுந்திருக்காம்," என்று சொல்ல, வந்த வழியே திரும்பிவிட்டாள். கதியக்குட்டி வீட்டில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களும் ஒவ்வொருத்தியாக எழுந்து போனார்கள். நேற்று மாலை இய்யாத்துட்டி அந்த வீட்டு வாசலில் கதியக்குட்டிக்குக் கஞ்சி வைத்துவிட்டுப் போனாளே, அப்போது காய்ச்சல் அங்கேயும் வந்திருக்குமே! பிற்பகல் அஸர் தொழுகைக்கு முன்னால் அடக்கம். வீட்டில் பெண் என்று மகள் ஸாஜிதா ஒருத்திதான். குளிப்பாட்ட ஆள் கிடைக்காவிட்டால் மண்ணைத் தொட்டு முகத்திலும் கையிலும் தடவி அப்படியே அனுப்பிவிடலாம் என்று பேச்சு. இதெல்லாம் ஷெமீரின் போனில் ஒவ்வொன்றாகக் குரலாக வந்து விழுந்தது.

"தண்ணி படாமலா?" என்றாள் இய்யாத்துட்டி. "கதியக்குட்டியையா?"

"நமக்கெதுக்கு உம்மா? விடு."

விட முடியவில்லை. தான் பயந்ததுபோக, வரவிருந்த ஒருத்தியையும் தன் பொய்தான் திருப்பி அனுப்பியது என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். நடுப்பகல் லுஹருக்குப் பாங்கு சொன்னதும் தட்டத்தை இறுக்கினாள். ஷெமீர் கையைப் பிடித்தான். உதறினாள். சிவப்பு நாடாவைத் தூக்கிக் குனிந்து வெளியே வந்தாள்.

நாலு வீடுதான். அந்த நாலு வீட்டுக்கும் அவள் கால்சத்தம் கேட்டதும் கதவுகள் தாழ் போட்டுக்கொண்டன. "ஏய், உள்ள போ! ஊரையே கொல்லப் பாக்குறியா?" என்று ஒரு மாடியிலிருந்து குரல். போன வருஷம் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரியின் தாயைக் குளிப்பாட்டியது இவள்தான். இவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கதியக்குட்டி வீட்டுக் கிணற்றடியில் வேட்டிகளைக் கட்டி மறைப்பு போட்டிருந்தார்கள். வாசலில் பாவா ஒரு மூங்கில் கழியைக் குறுக்கே பிடித்தான்.

"வராதீங்க இத்தாத்தா. கெஞ்சிக் கேக்குறேன்."

"காய்ச்சல் இல்லடா பாவா. பொய் சொன்னேன். வேணும்னா நெத்தியத் தொட்டுப் பாரு."

"மாத்திரை போட்டா நெத்தி குளிர்ந்துதான் இருக்கும்னு பிரசன்னா சேச்சி சொல்லிட்டாங்க."

"மாத்திரையும் பொய்டா! இதோ என் மகன் வரான், அவனைக் கேளு. ஷெமீரே, சொல்லுடா. எனக்குக் காய்ச்சல் இருக்கா?"

ஷெமீர் மூச்சிரைக்க வந்து நின்றான். பாவாவைப் பார்த்தான், உம்மாவைப் பார்த்தான், பாதி திறந்த ஜன்னல்களைப் பார்த்தான். பொய் சொன்ன வீடு என்று பேர் வந்தால் நாளைக்குத் தன் வீட்டுக்கு எவன் வருவான் என்று நினைத்தானோ, ரஹியானத் வயிற்றைத்தான் நினைத்தானோ, அந்த அல்லாவுக்குத்தான் வெளிச்சம்.

"காய்ச்சல்தான்," என்றான். "ராத்திரி முழுக்க உளறல். இப்பவும் உளறுது. வா உம்மா, வீட்டுக்குப் போகலாம்."

பெற்ற பிள்ளை! மறைப்புக்குள்ளிருந்து ஸாஜிதா கத்தினாள்: "அவங்களைக் கூட்டிட்டுப் போங்க! எனக்கும் சின்னப் பிள்ளைங்க இருக்கு!"

உள்ளே வாளியும் குவளையும் மோதும் சத்தம். ஸாஜிதா தானாகவே ஆரம்பித்துவிட்டாள். தண்ணீர் அவசரம் அவசரமாக விழுந்தது, நின்றது, மறுபடி விழுந்தது. ஷெமீர் உம்மாவின் முழங்கையைப் பிடித்து இழுத்தான். இய்யாத்துட்டி அசையவில்லை.

பிறகு தண்ணீர்ச் சத்தம் நின்றது. பலகை கிறீச்சிட்டது. ஏதோ வழுக்கியது. "யா அல்லாஹ்!" என்று ஸாஜிதா அலறினாள்.

"என்னாச்சு?" என்றான் பாவா.

"திருப்ப முடியல... உம்மா கீழ விழப்பாக்குறாங்க... என்னால ஒத்தையில முடியல..." அவள் ஓவென்று அழுதாள். மறைப்புக்குள் ஆண்கள் வரக்கூடாது. பாவா அங்கேயும் இங்கேயும் பார்த்தான். பாதி திறந்த ஜன்னல்களில் எத்தனை பெண்கள்! ஒருத்தியும் வரவில்லை.

இய்யாத்துட்டி கழியைப் பிடித்துத் தாழ்த்தினாள். பாவா தடுக்கவில்லை.

"உம்மா, உள்ள போனா இனி நம்ம வீட்டுப் படி ஏற முடியாது," என்றான் ஷெமீர். கோபம் இல்லை, அழுகைதான் குரலில் இருந்தது. "ரஹியானத்தை நினைச்சுப் பாரு."

"நினைச்சேன்டா. காலையிலேர்ந்து அவளைத்தானே நினைச்சேன்," என்று சொல்லிவிட்டு அவள் மறைப்பை விலக்கி உள்ளே போனாள்.

கதியக்குட்டி பலகையின் விளிம்பில் சரிந்து கிடந்தாள். போர்த்திய துணி நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. ஸாஜிதா தோளை அணைத்துத் தாங்கிக்கொண்டிருந்தாள். இய்யாத்துட்டி ஒரு கையைத் தோளுக்கும் ஒரு கையை இடுப்புக்கும் கொடுத்து, "பிஸ்மி" சொல்லித் தூக்கிப் பலகையில் சேர்த்தாள். எடையே இல்லை. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டு கழுவ ஆரம்பித்தாள்.

ஸாஜிதா குவளையை எடுத்தாள்.

"இத்தாத்தா, நெசமா சொல்லுங்க. காய்ச்சல் இருக்கா?"

"இல்ல மோளே."

"அப்ப காலையில..." ஸாஜிதா ஊற்றுவதை நிறுத்தினாள். "அப்ப எங்க உம்மாவுக்குத்தான் பயந்தீங்க."

ஏதாவது சொல்லியிருக்கலாம். மருமகள் வயிறு என்று, மகன் என்று, லாரி என்று.

"ஆமா," என்றாள் இய்யாத்துட்டி. "உங்க உம்மாவுக்குத்தான் பயந்தேன்."

ஸாஜிதா அவளைப் பார்க்கவில்லை. குனிந்து வாளியில் மொண்டு, உம்மாவின் காலில் தண்ணீரை ஊற்றினாள்.