பெயின்ட்டுக்கு அடியில் இரும்பு

பீப்பாயின் விளிம்பைப் பித்தளைத் தகட்டால் சுரண்டுகிறார். பெயின்ட் உதிர்ந்து, கட்டைவிரல் அகலத்துக்கு இரும்பு பளிச்சென்று தெரிகிற வரை கை ஓயாது. பிறகுதான் மண்ணுக்குள் இறங்கும் கம்பியின் கிளிப்பை அந்த இடத்தில் கவ்வ விடுவார். பீப்பாயிலிருந்து தகர டின்னுக்கு இன்னொரு கம்பி. இரண்டையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான், பெயின்ட்டைக் கரைக்கும் தின்னர் வரும் குழாயைத் திறப்பார், அதுவும் நூலிழையாக.

கிடங்கில் அவருக்குப் பெயர் சுரண்டி.

"என்ன சுரண்டி, பீப்பாய்க்குச் சவரம் ஆச்சா?" என்பார் லாரி டிரைவர்.

"மீசைய மட்டும் விட்டிருக்கேன். நீ அந்த நைலான் சட்டையோட வாசப்படி தாண்டினே, பொறி பறந்து உனக்கு மொட்டைதான்."

நிரப்பும் அறைக்குள் போகுமுன் வாசலில் பதித்த செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைப்பார். "உடம்புல இருக்கற கரண்டை இறக்கி வச்சாச்சு." வீட்டில் அடுப்பைப் பற்றவைக்கும் முன்பும் தண்ணீர்க் குழாயைத் தொடுவார். "குழாய்கிட்ட உத்தரவு வாங்கியாச்சா?" என்று கேட்பார் மனைவி.

ஓய்வுபெற இன்னும் எட்டு மாதம். சுரண்டும் பழக்கத்துக்கு வயது மூன்று மாதம்தான்.

அன்று பீப்பாய்கள் புதுப் பெயின்ட்டோடு வந்தன. கிளிப் பெயின்ட்டைத்தான் கவ்வியது. பார்வைக்கு எல்லாம் சரி. ஓடும் தின்னரில் சேர்ந்த மின்சாரம் இறங்க வழியில்லாமல் டின்னின் வாயில் பொறியாகத் தாவி, தீப்பிடித்தது. அவர் மூடிகளை எடுக்க வெளியே போயிருந்தார். குழாயருகே நின்றது பத்தொன்பது வருடக் கூட்டாளி. ஒருவரை ஒருவர் மச்சான் என்றே கூப்பிட்டுக்கொண்டவர்கள். நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் கூட்டாளி இறந்தார்.

நேற்று கூட்டாளியின் மகள் வந்தாள். மின் பொறியாளர். இவருடைய சாட்சிக் கையெழுத்துக்காக அலுவலகத்தில் வைத்திருந்த விசாரணை அறிக்கையைக் கேட்டு வாங்கி வந்து, நின்றபடியே படித்தாள்: 'கிளிப் மாட்டப்படவில்லை. இறந்தவரின் கவனக்குறைவு.'

"அப்பா மேலயே போட்டு மூடப் பாக்கறாங்க. அவரு மாட்டாம விட்டுடுவாரா மாமா?"

"மாட்டித்தாம்மா இருந்துச்சு. பெயின்ட் மேல."

"யாரு மாட்டினது?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். பேனாவை வாங்கி, 'மாட்டப்படவில்லை' என்பதை அடித்து, 'பெயின்ட்டின் மேல் மாட்டப்பட்டது' என்று எழுதினார். 'இறந்தவரின்' என்பதன் மேல் ஒரு கோடு. அதற்கு மேலே, தாள் கிழியுமளவு அழுத்தி, தன் பணி எண்ணை எழுதினார்.