அம்மாவுக்குத் தெரிந்த நூறு பதில்கள்

அமெரிக்காவின் சட்டதிட்டங்களை நான் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொள்ளவில்லை. அல்பேனியர் சங்கத்தின் பேஸ்மெண்டில், மடக்கு நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். சொல்லிக்கொடுத்தவள் என் அம்மா.

நியூஜெர்சித் தமிழர்கள் பிஸ்கட்டவே என்ற ஊர்ப்பக்கம் கூட்டமாகக் குடியிருக்க, அப்பா மட்டும் வாடகை குறைவு என்று எங்களை ஒரு அல்பேனியர் தெருவில் கொண்டுபோய் வைத்தார். மாடியில் நாங்கள், கீழே வீட்டுக்காரர். அவர் பீட்சா கடை வைத்திருந்ததால் எனக்கு அவர் பீட்சா அங்கிள். அந்தத் தெருவில் பாதிப் பேருக்கு அதுதான் தொழில். பீட்சா அல்பேனியாவில் பிறந்த பண்டம் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அம்மா தூத்துக்குடியில் சமூக அறிவியல் டீச்சராக இருந்தவள். இங்கே அப்பாவின் விசாவோடு ஒட்டிக்கொண்டு வந்ததால் சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. சும்மா செய்யலாம். ஒருநாள் பீட்சா அங்கிளின் மனைவி மாடியேறி வந்து, அமெரிக்கக் குடியுரிமைப் பரீட்சைப் புத்தகத்தை நீட்டி, மார்பில் கைவைத்து நின்றார். அவர்கள் ஊரில் அது மரியாதை. அம்மா நெஞ்சுவலி என்று பதறித் தண்ணீர் எடுக்க ஓடினாள். அதிலிருந்து தொடங்கியதுதான் சனிக்கிழமை வகுப்பு. ஒரு வருஷத்தில் இருபது பேர் சேர்ந்துவிட்டார்கள்.

புத்தகத்தில் நூறு கேள்விகள். அதிகாரி பத்து கேட்பார், ஆறுக்குச் சரியாகச் சொன்னால் பாஸ். வாரம் முழுக்க நைட்டியும் ஸ்வெட்டருமாகத் திரியும் அம்மா சனிக்கிழமை மட்டும் காலையிலேயே காட்டன் புடவைக்கு மாறிவிடுவாள். குரலும் மாறிவிடும். என்னைவிட ஐந்து மடங்கு வயதான மேஸ்திரிகளும் கடைக்காரர்களும் வீட்டுப்பாடம் செய்யாமல் வந்து அவளிடம் திருதிருவென்று விழிப்பார்கள். எனக்கு அதில் தனிப் பெருமை. பாஸானவர் அடுத்த வாரம் ஒரு தட்டு நிறைய பக்லாவா என்ற அவர்கள் ஊர் இனிப்பைக் கொண்டுவருவார். முதல் துண்டு டீச்சருக்கு. அம்மா ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு மிச்சத்தை என்னிடம் தள்ளிவிடுவாள்.

"ஊருக்கெல்லாம் டிக்கெட் எடுத்துக் குடுக்கா உங்கம்மா. நாம இன்னும் ஸ்டேஷன்லயே நிக்கோம்" என்பார் அப்பா. எந்த ஸ்டேஷன் என்று கேட்டால், சாப்பிடு என்பார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஒரு விஷயம் மட்டும் மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. கிழக்குக் கரையில் இருப்பது எந்தக் கடல் என்பதைக் கடைசி வாரம்வரை மாற்றிச் சொன்ன பீட்சா அங்கிளே பாஸாகிவிட்டார். அம்மாவுக்கு நூறும் தலைகீழ்ப் பாடம். அப்படியிருக்க, அவள் ஏன் பரீட்சைக்குப் போகவில்லை? யோசித்து யோசித்து நானே ஒரு முடிவுக்கு வந்தேன். அம்மா கூச்சப்படுகிறாள். யாராவது கொஞ்சம் தள்ளிவிட வேண்டும்.

அந்தச் சமயம் பார்த்து, விண்ணப்பம் நிரப்பித் தர ஒரு வக்கீல் வருகிறார் என்று சங்கச் செயலாளர் சுவரில் தாள் ஒட்டினார். பத்துப் பேர் எழுதியிருந்தார்கள். பதினொன்றாவதாக, என்னால் முடிந்த அழகான கையெழுத்தில், அம்மாவின் பெயரை எழுதிவைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை செயலாளர் பட்டியலை வாசித்தார். கடைசிப் பெயர் வந்ததும் கைதட்டல் கூரையைப் பிய்த்தது. பாஸான பிறகும் வகுப்பை விடாத பீட்சா அங்கிள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, டீச்சருக்கான பக்லாவாவைத் தன் கடை அடுப்பிலேயே செய்யப்போவதாக அறிவித்தார். அம்மாவும் முதலில் சிரித்தாள். பிறகு தாளை வாங்கிப் பார்த்தாள். கையெழுத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

தன்னால் விண்ணப்பிக்க முடியாது என்றாள். அதற்கு முதலில் கிரீன் கார்டு வேண்டும். அது இன்னும் வரவில்லை, வரிசையில் இருக்கிறோம். எத்தனை வருஷமாக என்று யாரோ கேட்டார்கள். இந்த நாட்டுக்கு வந்து பதினொரு வருஷம் என்றாள்.

அந்த அறையில் முக்கால்வாசிப் பேர் கிரீன் கார்டோடுதான் விமானம் ஏறியவர்கள். அரசாங்கம் நடத்தும் குலுக்கலில் பெயர் விழுந்து வந்தவர்கள்.

"டீச்சர், ப்ளே லாட்டரி! வெரி ஈஸி!" என்றார் பீட்சா அங்கிள்.

இந்தியாவிலிருந்து ஏற்கெனவே நிறையப் பேர் வந்துவிட்டதால் இந்தியர்களுக்கு அந்தக் குலுக்கலில் இடமில்லை என்றாள் அம்மா. அவர் அதை வேடிக்கை என்று நினைத்துப் பெரிதாகச் சிரித்தார். வேறு யாரும் சிரிக்காததால் பாதியில் நிறுத்திக்கொண்டார். பின்வரிசையில் ஒருவர் அவர்கள் பாஷையில் செயலாளரிடம் என்னவோ கேட்டார். செயலாளர் உதட்டைப் பிதுக்கினார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லோரையும் இப்படிக் குழப்பிவிட்டது நான்தான் என்பது தெரிந்தது. என்ன குழப்பம் என்பதுதான் தெரியவில்லை.

அம்மா புத்தகத்தைத் திறந்து முதல் கேள்வியைக் கேட்டாள். எப்போதும் கத்திப் பதில் சொல்கிறவர்கள் அன்று தரையைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தார்கள். தப்புச் செய்தது அவர்கள்தான் போல.

வீட்டுக்கு நடக்கும்போது நறுக்கென்று ஒரு கொட்டு விழும் என்று தலையைச் சுருக்கிக்கொண்டே வந்தேன். விழவில்லை. சாலை முனையில் நடக்கச் சொல்லும் விளக்கு இரண்டு முறை வந்து போயும் அம்மா கடக்கவில்லை.

"ஏட்டி, நீயா எழுதுன?"

"ம்."

"எதுக்கு?"

"யூ நோ ஆல் தி ஆன்சர்ஸ், அம்மா."

அம்மா பையிலிருந்து புத்தகத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள். "கேளு. பத்து கேளு."

நான் அதிகாரி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பக்கங்களை மாற்றி மாற்றிக் கேட்டேன். லாரிகளின் சத்தத்துக்கு மேலே அம்மா சத்தமாகப் பதில் சொன்னாள். பத்துக்குப் பத்து. உறுதிமொழி எடுக்க வலது கையைத் தூக்கச் சொன்னேன். தூக்கினாள். எதிரே காரில் போனவர் தனக்குத்தான் என்று நினைத்துத் திரும்பக் கையாட்டிவிட்டுப் போனார். நீங்கள் இப்போது அமெரிக்கக் குடிமகள், வாழ்த்துகள் என்று இங்கிலீஷில் அறிவித்தேன்.

"தேங்க்யூ, ஆபீசர்" என்று அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. என்னை இழுத்துப் புடவையோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். "நீ இங்கயே பொறந்துட்டட்டி. ஒன்ன யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க" என்றாள்.

பாஸானவள் எதற்கு அழ வேண்டும், என்னை ஏன் யாரும் கேட்கமாட்டார்கள், எனக்கும்தான் பதில் எல்லாம் தெரியுமே என்று ரோஷமாக இருந்தது. அம்மாவிடம் அந்தக் கேள்விகளைக் கேட்ட அதிகாரி இன்றுவரை நான் ஒருத்திதான்.