பிளாஸ்டிக் உறைக்குள் இரண்டு கையெழுத்து

பாஞ்சாலையிடம் ஒரு தாளைக் கொடுத்தால் அது எத்தனை வருசமானாலும் கசங்காது. மாமனாரின் இறப்புச் சான்றிதழைக்கூட லேமினேஷன் போட்டுத் தலையணை உறைக்குள் வைத்திருந்தாள். கீழ்பென்னாத்தூரில் அவள் தெருவே அதற்காக அவளைக் கிண்டல் செய்யும்.

மகள் ஓவியாவுக்கு எட்டு வயது, கழுத்து நிற்காது. மடியில் சாய்த்து ஊட்டும் சோறு மூச்சுக்குழாயில் இறங்கி இரண்டு முறை நிமோனியா வந்துவிட்டது. மூன்றாவது வந்தால் தாங்கமாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்படிப்பட்ட பிள்ளைகளை நிமிர்த்தி உட்காரவைக்க நாற்காலி உண்டு. அரசாங்கத்தில் உடம்பை அளந்து செய்து இலவசமாகவே தருவார்கள். அதற்கு ஒரே தாளில் மூன்று டாக்டர்களின் கையெழுத்து வேண்டும்.

நரம்பு டாக்டர் வியாழக்கிழமை மட்டும் வருவார். எலும்பு டாக்டர் வேறு ஆஸ்பத்திரி. ஒருவர் சொன்னது அடுத்தவருக்குத் தெரியாது. பிள்ளையை இடுப்பில் சுமந்துகொண்டு போகிற இடமெல்லாம் பாஞ்சாலைதான் முதலிலிருந்து சொல்லவேண்டும். வேர்க்கடலைக் காட்டில் மல்லாட்டை பிடுங்கும் வேலையை விட்டுவிட்டு நான்கு மாதம் அலைந்து இரண்டு கையெழுத்து வாங்கினாள். மூன்றாவதை வேங்கிக்கால் மண்டபத்தில் நடக்கும் முகாமில் போட்டு, அங்கேயே அளவும் எடுப்பார்கள்.

முகாமுக்கு முந்தின வாரம் மழை. தாள் மடிப்பில் கிழிய ஆரம்பித்திருந்தது. ஓவியாவின் எச்சில் வேறு.

"லேமினேஷன் போட்டுடுங்கக்கா. தண்ணில முக்கினாலும் ஒண்ணும் ஆவாது" என்றான் ஜெராக்ஸ் கடை பிரகாஷ். போட்டுவிட்டாள்.

முகாமில் டாக்டர் பேனாவை வைத்தார். மை ஒட்டவில்லை. முத்திரை குத்திப் பார்த்தார். விரல் பட்டதும் வழித்துக்கொண்டு வந்தது.

"ஏம்மா, இதுல எங்க கையெழுத்துப் போடறது? உன் நெத்தியில போடட்டுமா?"

வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

"கெட்டுடக் கூடாதுன்னுதான் சார்..."

"புது ஃபாரம் வாங்கி அந்த ரெண்டு டாக்டர்கிட்டயும் திரும்பப் போட்டுக்கினு வா. அடுத்த முகாம்ல பாக்கலாம்."

"எப்போ சார்?"

"ஆறு மாசம் ஆவும்."

காரில் மகனோடு வந்திருந்த கீர்த்தனா பின்னால் நின்றாள். "எங்க தெரபிஸ்டே போன் பண்ணி எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கிட்டாங்க. உங்களுக்கு யாரும் எதுவும் சொல்லலீங்களா?" இரக்கத்தோடுதான் கேட்டாள்.

"எனக்கு யாருங்க இருக்காங்க சொல்றதுக்கு?"

டீக்கடையில் ஒரு பிளேடு வாங்கிவந்து, வாசலில் உட்கார்ந்து உறையின் ஓரத்தைக் கீறினாள். மெதுவாகத்தான் உரித்தாள். பிளாஸ்டிக்கோடு நரம்பு டாக்டரின் கையெழுத்தும் பிய்ந்து வந்தது. உள்ளே கீர்த்தனாவின் மகனுக்கு அளவெடுப்பவர் இடுப்பு, தொடை, கழுத்து என்று எண்களைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஓவியாவுக்குப் பசி, முனகினாள். பாஞ்சாலை தூணில் முதுகைச் சாய்த்து, பிள்ளையைத் தன் மார்போடு நிமிர்த்தி, இடது கையால் தாடையைத் தாங்கிக்கொண்டாள். தயிர்சோற்றைப் பிசைந்து ஒரு விரல் நுனியளவு ஊட்டினாள்.

ஓவியா இருமினாள். பாஞ்சாலை கையைச் சோற்றிலிருந்து எடுத்துவிட்டு, இருமல் நிற்கட்டுமென்று காத்திருந்தாள். நிற்கவில்லை.