புளி வண்டியில் ஏறிய டீச்சர்கள்

முப்பது வருஷத்துக்கும் மேலாக மற்றவர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டியே பிழைத்துவிட்டேன். திருப்பதிக்கு எத்தனை தடவை போனேன் என்று கேட்காதீர்கள். பெருமாளைவிட அங்கே இருக்கும் கழிவறைகள்தான் எனக்கு நன்றாகத் தெரியும். கூட்டிக்கொண்டு போகிறவளுக்கு அதுதான் முதல் தரிசனம்.

வேலூரில் ஒரு டிராவல்ஸில் போன் எடுக்கத்தான் சேர்ந்தேன். பொம்பளைக் குரல் கேட்டால் புக்கிங் வரும் என்பது முதலாளியின் வியாபார ஞானம். பிறகு டூரோடு போக ஆள் கிடைக்காமல் என்னை அனுப்பினார். வாந்திக்கு எலுமிச்சம்பழம், கூட்டத்தில் தொலைந்த மாமனார்கள், ஜன்னல் சீட்டுக்கு நடக்கும் உலகப் போர் எல்லாம் பார்த்துப் பழகினேன். கடைசியில் அவர் தன் மருமகனைக் கொண்டுவந்து எனக்கு மேலே உட்கார வைத்தார். அந்தத் தம்பிக்கு ஏலகிரிக்கும் ஏற்காட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. சுழல் நாற்காலியில் சுற்றத் தெரியும். நான் வேலையை விட்டேன்.

சொந்தமாக நடத்திய முதல் டூர், ஜவ்வாது மலைக்கு. ஓய்வுபெற்ற டீச்சர்கள் ஒரு டஜன் பேர், எல்லாரும் பெண்கள். ஜமுனாமரத்தூர் பக்கத்தில் எனக்குப் பழக்கமான பெண் ஒருத்தி இருந்தாள். பழைய கம்பெனியில் இருந்தபோதே எங்கள் பயணிகளுக்குச் சமைத்துப் போட்டவள். சாமைச் சோறும் நாட்டுக்கோழிக் குழம்பும் தயாராக இருக்கும் என்று சொல்லியிருந்தாள்.

வாடகை வேன் ஆலங்காயம் வந்ததும் டிரைவருக்கு ஒரு போன் வந்தது. முதுகைத் திருப்பிக்கொண்டு "சரிங்க, சரிங்க" என்று பேசினான். பேசி முடித்ததும் வண்டிக்கு உடம்பு சரியில்லாமல் போய்விட்டது.

"இஞ்சின் சூடாய்டுச்சு மேடம். மலை ஏறாது."

பானட்டைத் தொட்டுப் பார்த்தேன். என் நெற்றி அதைவிடச் சூடாக இருந்தது.

"போன்ல யாரு?"

கொஞ்சம் நெளிந்தான். "உங்க பழைய சாரு எங்க ஓனர்கிட்ட பேசிட்டாருங்க. நான் இன்னா பண்றது, பொழப்ப பாக்கணும் இல்லீங்களா?"

பைகளை இறக்கி வைத்துவிட்டு, சூடான இஞ்சினோடு ஜோராகத் திரும்பிப் போனான். சாலையோரத்தில் டஜன் டீச்சர்கள், டஜன் குடைகள். நான் டீக்கடைக்குப் பின்னால் போய் அழ ஆரம்பித்தேன். அழுதுகொண்டே மலைப்பெண்ணுக்குப் போன் போட்டேன், சோறு வடிக்க வேண்டாம் என்று சொல்வதற்காக.

"இன்னாக்கா, கோழிய அறுத்துட்டு இப்ப சொல்ற?" என்றாள். விஷயத்தைச் சொன்னேன். "அதுக்கா அழுவுற? என் தங்கச்சி அங்கதான் கீறா. மண்டில புளி எறக்க வந்தா. அங்கயே நில்லு, அனுப்புறேன்."

வந்தது ஒரு மினி லோடு வண்டி. ஓட்டி வந்த தங்கை இறங்கி, பின்னால் காலிச் சாக்குகளை மெத்தை போல விரித்தாள். "ஏறுங்க டீச்சர். கம்பிய புடிச்சிக்கங்க. துப்பணும்னா இடது பக்கம் துப்புங்க."

எல்லோரும் கூட்டத்திலேயே மூத்தவரான ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். புடவையைத் தூக்கிச் செருகினார். "ஏண்டி பாக்குறீங்க? பின்னாடி ரெண்டு பேர் தள்ளுங்க" என்றார். முட்டிவலி உள்ளவர்களை முட்டிவலி இல்லாதவர்கள் தள்ளி ஏற்றினோம். அப்படியும் தள்ளுவதற்கு ஆள் குறைவாகத்தான் இருந்தது.

வழியில் செக்போஸ்டில் கம்பை இறக்கி நிறுத்தினார்கள். "இன்னா லோடு?" என்று எட்டிப் பார்த்த ஆள் அப்படியே நின்றுவிட்டார். "லோடு வண்டில ஆளுங்கள ஏத்தக் கூடாதும்மா."

"சரிப்பா, எறங்கிடறோம்" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ். "ஆனா நீயே வந்து ஒவ்வொருத்தரையா எறக்கி வுடணும். அப்புறம் மலை மேல நீயே கொண்டுபோயும் வுடணும்."

செக்போஸ்ட்காரர் எங்கள் உடல்வாகை ஒரு தடவை கணக்கிட்டுப் பார்த்தார். கம்பு மேலே போனது.

கொண்டை ஊசி வளைவுகளில் மொத்தக் கல்வித் துறையும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரிந்தது. யாரோ பாட ஆரம்பித்தார்கள். சாமிப் பாட்டில் தொடங்கிய கச்சேரி, அடுத்த வளைவுக்குள் கிழவனைக் கேலி செய்யும் பாட்டுக்கு இறங்கிவிட்டது. சிரிப்பில் எனக்கு அழுகை மறந்தே போனது.

சாப்பாட்டில் ஒரு டீச்சர், புருஷன் ஆயுசுக்காகச் சனிக்கிழமை விரதம் என்று சொல்லி இலையில் ரசம் மட்டும் வாங்கினார். குழம்பு வாசனை வந்தது. "அவர் நேத்துதான் டாக்டர்கிட்ட காட்டினார். நல்லாத்தான் இருக்காராம். ஒரு கரண்டி வையும்மா" என்றார். இரண்டு கரண்டி வைத்தாள் மலைப்பெண்.

அன்று சாயங்காலம் பஸ் ஏற்றிவிடும்போது ஹெட்மிஸ்ட்ரஸ் என் கையைப் பிடித்தார். "அந்த வேனை நம்பாத. இந்தப் புளி வண்டிப் பொண்ண நம்பு" என்றார். தோழிகள், தோழிகளின் சம்பந்திகள் என்று அவரே கூட்டம் சேர்த்து அனுப்பினார். தங்கை வேன் ஓட்ட லைசென்ஸ் எடுத்தாள். அக்கா சமையல், தங்கை ஸ்டீரிங், நான் வாய். அந்த மூன்றையும் வைத்துத்தான் இத்தனை வருஷம் வண்டி ஓடுகிறது.

மழைக்காலத்தில் டூர் இருக்காது. அப்போது நாங்கள் மூவரும் மட்டும் எங்காவது கிளம்பிவிடுவோம். போன தடவை கன்னியாகுமரி. லாட்ஜ் கவுண்டரில் இருந்தவர் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கூட ஜென்ட்ஸ் யாரும் வரலையா?" என்றார்.

"வந்தாங்க" என்றாள் தங்கை. "ரொம்ப பேசினாங்க. மதுரைலயே எறக்கி வுட்டுட்டோம்."

அவர் சாவியை எடுத்துக் கொடுத்தார். ரூமில் ஃபேன் ஓடவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு மூவரும் மத்தியானம் வரை தூங்கினோம்.