கெல்லர் இல்லை, பங்கர்

ஒஸ்லோவில் ஒரு பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு மொழிபெயர்ப்பாளராகப் போனபோது அந்தத் தாயைச் சந்தித்தேன். வன்னியிலிருந்து வந்தவர், ஒட்டிய கன்னம். காது கேளாத மகளின் மணிக்கட்டை ஒரு கணமும் விடவில்லை. போர்க்காலத்தில் குண்டுபோட விமானம் வரும்போதெல்லாம் அவளை இழுத்துக்கொண்டு ஓடிய பழக்கம்.

மகள் முன்பு எங்கே படித்தாள் என்று அதிகாரி கேட்டார்.

"பங்கருக்குள்ளை. ஷெல் அடிக்கேக்கையும் டீச்சர் வந்து கைப்பாஷை படிப்பிச்சவ."

அந்தப் பதுங்குகுழியை நான் நோர்வேஜிய மொழியில் 'கெல்லர்' என்றேன், வீட்டு நிலவறை என்ற பொருளில். தாய் என் பக்கம் திரும்பினார்.

"கெல்லர் எங்கடை ஃபிளாட்டிலையும் கிடக்கு. அதுக்குள்ளை சைக்கிள் வைக்கிறம். நான் சொன்னது பங்கர்."

"இவைக்கு லேசா விளங்கட்டும் எண்டுதான், அக்கா."

"இவைக்கு விளங்காதெண்டு ஆர் சொன்னது? உமக்குத்தான் சொல்ல வெக்கம்."

பங்கருக்கு நோர்வேஜிய மொழியிலும் கிட்டத்தட்ட அதே சொல்தான். மொழிபெயர்க்கவே தேவையில்லாத அந்த ஒரு சொல்லை நான் ஏன் மாற்றினேன்?