கிரகணத்தன்று செல்லும் பாஸ்

சந்திரகிரி போகிற வழியில் ஒரு தண்ணீர்ப் பூங்கா இருக்கிறது. போன வருஷம் அங்கே வருஷ பாஸைச் சலுகை விலையில் கொடுத்தார்கள். என் மகன் வீட்டில் எல்லாருக்கும் வாங்கினான். எங்கள் தெருவே வாங்கியது. இரண்டு தெரு தள்ளியிருக்கிற சம்பந்தியம்மா, அதாவது என் மருமகளின் அம்மா, அவரும் வாங்கினார்.

அந்தப் பாஸ் ஞாயிற்றுக்கிழமை செல்லாது. பண்டிகைக்குச் செல்லாது. பள்ளிக்கூட லீவுக்கும் செல்லாது. கூட்டத்தைக் குறைக்க அப்படி வைத்தார்களாம். பெருமாள் கோயில் மலையடிவாரத்தில் இருந்துகொண்டு கூட்டத்திலேயே பிறந்து வளர்ந்த எங்களிடமா? ஞாயிறு வரக்கூடாது என்றதும் செவ்வாயும் புதனும் மொத்த ஊரும் அங்கேதான். வார நாளில் காலியாக இருக்கும் என்று நம்பி டிக்கெட் எடுத்து வந்த வெளியூர்க்காரர்கள் எங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எதிர்வீட்டுக்காரி கீரைக்கட்டோடு வந்தாள். உள்ளே சாப்பாடுதானே கூடாது, இது இன்னும் சாப்பாடு ஆகவில்லையே என்று வாசலில் வாதாடி ஜெயித்து, அலைக்குளத்தின் கரையில் உட்கார்ந்து ஆய்ந்தாள்.

எனக்கு ஓர் ஆசை இருந்தது. அங்கிருக்கிற நீலச் சறுக்கில் ரப்பர் வளையத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு முறை கீழே வரவேண்டும். ஆனால் புடவையோடு விடமாட்டார்கள். அவர்கள் கொடுக்கிற நைலான் பேன்ட்டும் சட்டையும் போட வேண்டும். விருந்துக்குப் போன இடத்தில் இன்னொரு கரண்டி ரசம் கேட்கக் கூச்சப்படுகிறவள், தெருவே பார்க்க பேன்ட்டில் படியேறுவதா? அறியாத முகங்கள் வருகிற ஞாயிற்றில் பாஸ் செல்லாது. பாஸ் செல்லுகிற நாளில் எல்லாம் தெரிந்த முகம்.

அப்படியிருக்கும்போது ஒரு செவ்வாய்க்கிழமை சந்திர கிரகணம் வந்தது. மதியமே பிடித்து, சாயங்காலம் நிலா எழுந்தபின் விடும் என்றார்கள். மலைமேல் கோயிலில் காலையிலேயே நடை சாத்திவிட்டார்கள். சம்பந்தியம்மா போன் செய்து, குடத்தில் தர்ப்பை போடச் சொன்னார், மதியத்துக்கு மேல் வாயில் எதுவும் வைக்காதீர்கள் என்றார்.

"வாசப்படி தாண்டாதீங்க அண்ணி. ஊட்லயே சாமி பேரச் சொல்லிக்கினு இருங்க."

சரி என்று போனை வைத்தேன். பூங்கா வாசலில் பாஸ் செல்லாத நாட்களுக்கு ஒரு பலகை உண்டு. அதில் கிரகணம் கிடையாது. அஞ்சாவது வரை படித்தது வீண்போகவில்லை. வீடு காலியானதும் ஷேர் ஆட்டோவில் ஏறினேன்.

பூங்காவில் ஈ, காக்கா இல்லை. பேன்ட்டை மாட்டிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து, நின்று நின்று நீலச் சறுக்கின் உச்சிக்குப் போனேன்.

அங்கே பெஞ்சில், காதில் வைரத்தோடு, நெற்றியில் குங்குமம், இடுப்பில் நைலான் பேன்ட்டோடு சம்பந்தியம்மா உட்கார்ந்திருந்தார்.

இருவரும் ஒருவர் காலை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

வளையத்தைப் பிடித்து நின்ற ஆள் தெலுங்கில் என்னிடம் முறையிட்டார். இது இரண்டு பேர் உட்காரும் வளையம், ஒருவரை மட்டும் அனுப்ப முடியாது, இந்தம்மா சொன்னால் கேட்காமல் இன்னோர் ஆள் வரும் என்று காத்துக் கிடக்கிறார் என்றார். கூட்டமில்லாத நாளாகப் பார்த்து வந்தவர், ஓர் ஆள் கூட்டத்துக்காகத் தவமிருந்திருக்கிறார்.

"கெரகணத்துல தல முழுவணும்னு சாஸ்திரம் கீது அண்ணி," என்றார் முகம் மாறாமல்.

"நானும் அதுக்குத்தான் வந்தேன்."

யார் முன்னால் உட்காருவது என்று கேள்வி வந்தது. எனக்குப் பின்னால்தான் இஷ்டம். அவருக்கும் அப்படித்தான் போல.

"மாப்ள ஊட்டுக்காரங்க, நீங்க முன்னாடி குந்துங்க," என்றார்.

கல்யாணத்தில்கூட அந்த மரியாதை எனக்குக் கிடைக்கவில்லை. உட்கார்ந்தேன். அந்த ஆள் தள்ளிவிட்டார். வயிறு மேலேயே தங்கிவிட்டது. வீட்டிலேயே சாமி பேரைச் சொல்லச் சொன்னவர், என் முதுகுக்குப் பின்னால் கீழே போய்ச் சேரும்வரை கோவிந்தா கோவிந்தா என்று அலறிக்கொண்டு வந்தார். தண்ணீரில் விழுந்து எழுந்ததும் இருவரும் மறுபடி படிப்பக்கம் நடந்தோம்.

மருமகள் வேலையிலிருந்து வரும்போது கிரகணம் விட்டிருந்தது. என் ஈரத்தலையைப் பார்த்து, அதற்குள் தலை முழுகிவிட்டீர்களா என்று மெச்சினாள். ஆச்சு என்றேன்.

அப்போது சம்பந்தியம்மாவின் போன் வந்தது.

"அடுத்த கெரகணத்த பஞ்சாங்கத்துல பாத்துட்டேன் அண்ணி," என்றவர் குரல் இறங்கியது. "ஞாயித்துக்கெழமையில வருது."

"ஐயோ பாவம்," என்றேன்.

யாருக்கு என்ன என்று மருமகள் கேட்டாள். சந்திரனுக்கு என்றேன்.