பலாமரப் பெட்டி, ஒன்று

ஏற்காட்டில் சவப்பெட்டி செய்து விற்ற லாசர் மேஸ்திரி தன் தொழிலைப் பற்றி ஊருக்கு இரண்டு விஷயங்கள் சொல்லி வைத்திருந்தார். தன் பெட்டியில் குறை என்று இதுவரை ஒரு ஆளும் திரும்பி வந்ததில்லை என்பது ஒன்று. அது உண்மை. ஊரில் சாவு விழப்போகிறது என்றால், முந்தின நாளே பட்டறையில் சாத்தி வைத்திருக்கும் பலகை மூன்று தட்டுத் தட்டும் என்பது இன்னொன்று. அது பொய். ஊர் முதலாவதைக் கேட்டுச் சிரித்தது; இரண்டாவதை நம்பியது.

பொய் பிறந்த இடம் ஒண்டிக்கடை முக்கில் இருந்த டீக்கடை. காலையில் செத்தவருக்கு மத்தியானத்துக்குள் பெட்டி எப்படித் தயாராகிறது என்று எழுபத்து நாலில் யாரோ கேட்டார்கள். இரண்டு அளவில் எப்போதும் பாதி வேலை முடித்த பெட்டிகள் பட்டறையின் பின்பக்கம் கோணிக்கடியில் இருந்தன. ஆனால் 'உங்கள் சாவுக்காக முன்கூட்டியே செய்து வைத்திருக்கிறேன்' என்று டீ குடிக்கிறவர்களிடம் சொல்வது நாகரிகமாக இல்லை. "பலகை தட்டுமுங்க, முந்தின நாளே எடுத்து இழைச்சுருவேன்" என்றார் லாசர். அதன் பிறகு பட்டறையைத் தாண்டிப் போகிறவர்கள், முக்கியமாக மூடுபனி இறங்கிய நாட்களில், அந்த இடத்தில் மட்டும் பேச்சை நிறுத்திவிட்டு மெதுவாக நடந்தார்கள். முன்தகவல் கிடைக்கிற மனிதரிடம் எவரும் பேரம் பேசவில்லை.

மரத்திலும் ஒரு சங்கதி இருந்தது. மலையில் கௌரவமான குடும்பம் என்றால் பலாமரப் பெட்டியில்தான் போக வேண்டும். எஸ்டேட்டுகளில் காப்பிச் செடிக்கு நிழலுக்காக வளர்த்து வெட்டித் தள்ளுகிற மரமோ சில்வர் ஓக். பலா மஞ்சள் நிறம். சில்வர் ஓக் வெளுத்த மரம். இந்த வித்தியாசத்தை லாசர் மஞ்சள்தூளால் தீர்த்துக்கொண்டார். தண்ணீரில் குழைத்து இரண்டு பூச்சு, மேல்பக்கத்துக்கு வார்னிஷ். உள்பக்கத்துக்கு வார்னிஷ் கிடையாது. உள்ளே இருந்து யார் பார்க்கப் போகிறார்கள்? பக்கத்துக் கடை அப்துல் மஜீத் பாயிடம் மஞ்சள்தூள் அதிகம் வாங்கியவர்கள் கல்யாண வீட்டுக்காரர்கள். அவர்களுக்கு அடுத்தபடி லாசர்.

இப்படி நிம்மதியாக நடந்த தொழிலில், தொண்ணூறு டிசம்பரில், உயிரோடு ஒரு வாடிக்கையாளர் வந்தார்.

பெயர் சாந்தாமேரி. பெண்கள் விடுதி ஒன்றில் முப்பது வருஷம் மேட்ரனாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். விடுதிக்கு வந்த ஒவ்வொரு அரிசி மூட்டையிலும் முழங்கை வரை கையை விட்டு அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தே கையெழுத்துப் போட்டவர்.

"எனக்கு ஆளில்ல மேஸ்திரி. செத்த பொறவு எவனோ அவசரத்துல வாங்கியாற பொட்டீல நான் போவ மாட்டேன். கண்ணு தெரியறப்பவே பாத்து வாங்கிக்கறேன்."

"நல்லா இருக்கறப்ப எதுக்குங்க மேட்ரனம்மா இந்தப் பேச்சு?"

"நல்லா இருக்கறப்பதான் உங்களக் கேள்வி கேக்க முடியும்."

அளவெடுப்பதில் சங்கடம் வந்தது. உயிரோடு இருக்கிறவர் மேல் டேப்பை வைப்பதில்லை என்பது லாசருடைய அப்பா காலத்துப் பழக்கம். சாந்தாமேரி நல்ல உயரம். லாசர் அவர் பக்கத்தில் போய் நின்று பார்த்தார். தலைக்குத் தலை சரியாக இருந்தது. அப்புறம் தானே கதவு நிலையில் சாய்ந்து நின்று, தன் உச்சியில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டை அளந்துகொண்டார்.

பெட்டி முடிந்ததும் அந்த அம்மா பில் கேட்டார். சவப்பெட்டிக்கு அதுவரை யாரும் பில் கேட்டதில்லை. எஸ்டேட்டுகளுக்கு அலமாரி செய்து கொடுக்கும்போது எழுதுகிற பில் புத்தகம் ஒன்று இருந்தது. 'பலாமரப் பெட்டி, ஒன்று' என்று எழுதினார். 'பலா'வில் பேனா கொஞ்சம் நின்றது. வாயால் ஆயிரம் முறை சொன்ன பொய்தான். எழுதுவது இதுதான் முதல் தடவை.

பெட்டி சாந்தாமேரி வீட்டின் முன்னறையில், மேற்குச் சன்னலை ஒட்டி உட்கார்ந்தது. உள்ளே ஒரு வெள்ளைப் புடவை, ஜெபமாலை, இடம் வீணாக வேண்டாம் என்று இரண்டு கம்பளி.

மார்ச் மாதம் வெயில் ஏறியபோது ஒரு நாள் பிற்பகல் பெட்டி தட்டியது. டக். கொஞ்சம் இடைவெளி. டக். மறுபடி டக்.

எலி என்று நினைத்தார் அந்த அம்மா. மறுநாள் அதே சத்தம் வந்தபோது கடிகாரத்தைப் பார்த்தார், மணி மூன்று. மூன்றாம் நாள், மூன்று அடிப்பதற்கு முன்பே நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்துவிட்டார். எண்ணி மூன்று தட்டு. அப்போதுதான் டீக்கடைக் கதை ஞாபகம் வந்தது.

அடுத்த நாள் சாகத் தயாரானார். கோழிகளைப் பக்கத்து வீட்டு ஆரோக்கியசெல்விக்குக் கொடுத்தார். சாவு வரவில்லை, மூன்று மணிக்குத் தட்டு மட்டும் வந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. வந்திருந்தாலாவது பயம் தீர்ந்திருக்கும். தினமும் நாளைக்கு என்று சொல்லிவிட்டுப் போகிற தட்டு, அரிசி மூட்டைக்குள் பயமில்லாமல் கை விட்ட அந்த மனுஷியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தது. நாளைக்கு இருக்கப் போவதில்லை என்கிறபோது இன்றைக்கு எதற்கு உலை வைக்க வேண்டும் என்று சமையலை நிறுத்தினார். ஆரோக்கியசெல்வி கொண்டுவரும் கஞ்சியில் பாதி குடித்தார். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பெட்டியைத் திறந்து பார்த்தபோது, வெள்ளைப் புடவை அடியில் பட்ட இடமெல்லாம் மஞ்சளாகியிருந்தது. பயம் இரண்டு பங்கானது. எல்லாரையும் சந்தேகப்பட்ட அவருக்கு மரத்தின் மேல் மட்டும் சந்தேகம் வரவில்லை. பில்லில் பலா என்று எழுதியிருந்ததே.

அந்தச் சமயத்தில் சேலத்திலிருந்து வந்த நுகர்வோர் சங்கத்துக்காரர்கள் ஏற்காட்டில் ஒரு கூட்டம் போட்டிருந்தார்கள். புதுச் சட்டம் வந்து சில வருஷம் ஆகிறது. பொருளின் குணத்தை மறைத்து விற்கக் கூடாது. சேலத்து நுகர்வோர் மன்றத்துக்கு வெள்ளைத் தாளில் எழுதிப் போட்டால் போதும், வக்கீல் வேண்டாம் என்றார்கள். சாந்தாமேரி வெள்ளைத் தாளில் எழுதினார். நஷ்ட ஈடு கேட்கவில்லை. அவர் கேட்ட பரிகாரம் இது: 'பெட்டி தட்டுவதன் காரணத்தை விற்றவர் மன்றத்தில் சொல்ல வேண்டும். இன்னும் எத்தனை நாள் என்பது தெரிந்தால் அதையும் சொல்லலாம்.'

லாசருக்கு வந்த நோட்டீசை மஜீத் பாய் படித்துக் காட்டினார்.

"இருவது வருசமா ஒருத்தரும் திரும்பி வந்ததில்லைன்னு பீத்திக்கிட்டீங்களே மேஸ்திரி, வந்துருச்சு பாருங்க!"

"வெளையாடாதீங்க பாய். என்ன சொல்றதுன்னு சொல்லுங்க."

"பலான்னே நில்லுங்க. பில்லு இருக்குது. நல்ல பலா தட்டுமா? தட்டாது. அப்புறமும் தட்டுதுன்னா அது மரத்தோட குத்தமில்ல, மேல இருக்கறவனோட சமாச்சாரம். அவன் மேல எந்தக் கோர்ட்டுல நோட்டீசு உடுவாங்க?"

வாதம் கச்சிதமாக இருந்தது. அதுதான் லாசருக்கு உறுத்தியது. நேரில் பார்த்துவிடலாம் என்று ஒரு நாள் இரண்டரை மணிக்கு சாந்தாமேரி வீட்டுக்குப் போனார்.

அடையாளம் தெரியாத அளவுக்கு இளைத்திருந்தார் அந்த அம்மா. "உக்காருங்க. இன்னும் அரை மணி நேரம் இருக்குது" என்றார், பஸ்ஸுக்குக் காத்திருப்பவரைப் போல. வெயில் சன்னல் வழியாக இறங்கி, தரையில் நகர்ந்து, பெட்டியின் மூடியைத் தொட்டது. டக். டக். டக்.

லாசருக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. ஈரம் காயாத சில்வர் ஓக். மேற்கு வெயில் படுகிற நேரத்தில் பலகை சுருங்கி இழுத்து மூலைப்பூட்டில் வெடிக்கிறது. எல்லாம் விளங்கியும் ஒன்று மட்டும் விளங்கவில்லை. தான் டீக்கடையில் சும்மா அளந்த மூன்று தட்டை மரம் எப்படித் தெரிந்து வைத்திருக்கிறது?

"கேட்டுதுங்களா?"

"கேட்டுதுங்க."

"எனக்குத்தானே?"

இரண்டு வார்த்தையில் முடிகிற பதில் நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் இந்த மலையில் அவர் புதைக்கக் கொடுத்த பெட்டி ஒவ்வொன்றின் நிறமும் வெளுத்துவிடும். "நான் வர்றனுங்க" என்று எழுந்து வந்துவிட்டார்.

விசாரணை ஜூனில், சேலத்தில். தலைவர், இரண்டு உறுப்பினர்கள், தட்டச்சு செய்ய ஒருவர். இவர்கள் வழக்குக்கு முறை வந்தபோது பிற்பகல் ஆகிவிட்டது. சாந்தாமேரி மஞ்சள் ஏறிய புடவையை மேஜையில் விரித்தார். உறுப்பினர் ஒருவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"ஏங்க, இந்தப் பெட்டி என்ன மரம்?" என்று கேட்டார் தலைவர்.

பலா என்று சொல்லத்தான் லாசர் வாயைத் திறந்தார். பக்கத்தில் சாந்தாமேரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாக ஒரு நிமிஷம். அந்த அம்மா கழுத்தை மெல்ல வடக்கே, மலைப்பக்கம் திருப்பினார். முப்பது கிலோமீட்டருக்கு அப்பால், பூட்டிய வீட்டில், கேட்க ஆளில்லாத அறையில் தட்டப்போவதற்குச் செவி கொடுத்தார். உதடு அசைந்து எண்ணியது. ஒன்று. இரண்டு. மூன்று. பிறகு, கேட்டுவிட்டவரைப் போலத் தலையை ஆட்டிக்கொண்டார்.

"சில்வர் ஓக்குங்க" என்றார் லாசர். "மஞ்சப் பூசுனதுங்க. பச்ச மரம். மேக்கு வெயிலு பட்டா மூலையில வெடிக்குமுங்க. சாவும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"எத்தனை நாளைக்கு வெடிக்கும்?"

"ஒரு கோடை தாண்டினா நின்னுருமுங்க."

"சாவுக்கு முந்தி பலகை தட்டும் என்று ஊரில் சொல்வது?"

"அது நானே கட்டுன கதைங்க."

எல்லாம் தட்டச்சாகி, படித்துக் காட்டப்பட்டு, கையெழுத்தானது. பிறகு சாந்தாமேரி பேசினார்.

"அடத் திருட்டுப் பயலே! அரிசியில ஒரு கல்லு என் கையத் தப்புனதில்ல. எனக்கே மஞ்சத் தண்ணி காட்டுனியா? ரெண்டரை மாசமா கஞ்சி குடிக்கறேன்டா நான்! என் கோழி போச்சேடா!"

அமைதியாக இருக்கும்படி தலைவர் இருமுறை சொல்ல வேண்டியிருந்தது. முகத்தில் ரத்தம் ஏறி, உயிரோடு இருக்கிற மனுஷியாக அவர் அத்தனை நாட்களில் முதல் தடவை தெரிந்தார். பஸ் ஸ்டாண்டில் நான்கு பரோட்டா சாப்பிட்டார். எதிர்ப்பக்க பெஞ்சில் உட்கார்ந்து லாசர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மன்றம் உத்தரவிட்டது: சொன்னபடி பலாமரத்தில் வேறு பெட்டி தர வேண்டும், பழையதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். நன்றாகக் காய்ந்த பலா லாசரிடம் ஒரே ஒரு பெட்டிக்குத்தான் இருந்தது. பதினோரு வருஷமாகத் தனக்கென்று பரணில் போட்டிருந்த பலகைகள். அவற்றை இறக்கிச் செய்து கொடுத்தார். அந்தப் பெட்டி தட்டவில்லை. கோழிகளும் திரும்பி வந்தன.

இனி லாசரிடம் யார் போவார்கள் என்று மஜீத் பாய் கவலைப்பட்டார். நடந்தது வேறு. பொய் சொன்னவர் என்று எழுத்தில் தீர்ப்பான பிறகுதான் ஊர் அவரை முழுசாக நம்பத் தொடங்கியது. சில்வர் ஓக்கை சில்வர் ஓக் என்று சொல்லியே விற்றார். முன்பைவிட அதிகம் விற்றது.

விற்காதது திரும்பி வந்த அந்தப் பெட்டி மட்டும்தான். அதைப் பட்டறையின் வடக்குச் சுவரில் நிமிர்த்திச் சாத்தி, ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிட்டார்: 'சில்வர் ஓக். மஞ்சள் பூசியது. ஒரு கோடை வரை தட்டும்.' அந்தப் பக்கம் வெயில் வராது. பெட்டி சும்மாவே நின்றது. தொண்ணூற்றிரண்டின் கோடையும் போனது. அட்டையில் கடைசி வரியை அடித்துவிட்டார்.

தொண்ணூற்று மூன்று நவம்பரில், நான்கு நாளாகச் சூரியனையே காணாத ஒரு பிற்பகல். மூடுபனி வாசற்படி ஏறி உள்ளே வந்துவிட்டிருந்தது. லாசர் ஒரு பலகையை இழைத்துக்கொண்டிருந்தார். ஆணி கொடுக்க வந்த மஜீத் பாய் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

டக். கொஞ்சம் இடைவெளி. டக். மறுபடி டக்.

இழைப்புளி நின்றது.

"ஈரத்துக்கு மரம் உப்பும் மேஸ்திரி" என்றார் பாய். கொஞ்சம் பொறுத்து, "உப்புமில்லைங்க?" என்றார்.

லாசர் இழைப்புளியைக் கீழே வைத்தார். ஒரு கோடை தாண்டினால் நின்றுவிடும், வெயில் பட்டால்தான் வெடிக்கும் என்று எழுத்தில் கொடுத்தவர் அவர்தான். மன்றம் அதை ஏற்றுக்கொண்டுவிட்டது. பெட்டியின் எதிரில் போய் நின்றார். மூடியின் மேல்விளிம்பு அவருடைய உச்சந்தலைக்குச் சரியாக நின்றது. நிற்காமல் எப்படி இருக்கும்? கதவு நிலையில் பென்சில் கோடு இன்னும் அழியவில்லை.

"மஜீத் பாய், மணி என்னங்க?"

"மூணு."

லாசர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். அட்டையை அசையாமல் பிடித்து, அடித்த வரிக்குக் கீழே, வாங்க வருகிறவர் யாராக இருந்தாலும் தெரிந்துகொள்ளட்டும் என்று நிதானமாக எழுதினார்:

'தட்டும். காரணம் தெரியவில்லை.'